வலது கடைவாய், இடது காது

நூர் பாஷா காலால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வாயாலும் மிதிப்பார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இறுகி, காதுக்குக் கீழே தாடைச் சதை உருண்டையாகக் கிளம்பும். கால் எழும்பினால்தான் அதுவும் அடங்கும். அந்தக் காலத்து வண்டியில் பிரேக் என்ன பஞ்சு மெத்தையா? ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்று மிதிக்க வேண்டும். ஐந்தாறு வருடம் பக்கத்திலிருந்து பார்த்ததால் எனக்கு அது பழகிப்போயிருந்தது.

நான் காளியப்பன். அவர் வண்டியில் கண்டக்டர். தருமபுரியில் கிளம்பி, பென்னாகரம் போய், அங்கிருந்து காட்டு வழியாக மலை இறங்கி ஒகேனக்கல் சேருகிற வண்டி. முதலாளி நஞ்சப்பன். அவருக்கு இருந்ததே இரண்டு பஸ். அதில் மலை இறங்குகிற பஸ்ஸை நூர் பாஷாவைத் தவிர வேறு ஆள் கையில் கொடுக்க மாட்டார். அதற்குக் காரணம் பாயின் கையும் இல்லை, காலும் இல்லை. காது.

சும்மா சொல்லவில்லை. பின் சக்கரத்தில் ஒரு நட்டு தளர்ந்தால் பென்னாகரம் போகிற வழியில் இருக்கிற இண்டூரைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவார். வண்டி நிறைய ஆடும் கோழியும் கத்திக்கொண்டிருந்தாலும் என்ஜினில் எந்த மூலையில் எது முனகுகிறது என்று அவருக்குத் தெரியும். எங்கள் மெக்கானிக் முனிராஜ் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "பாய் என்னா சொன்னாரு?" என்றுதான் கேட்பான். பாய் சொன்ன இடத்தைக் கழற்றுவான், கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதில் பாய்க்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, இருக்க வேண்டியதுதானே.

எழுபதாம் வருடம் கடைசியில் அவருக்குக் கீழ் வரிசையில், வலது கடைவாய்ப் பற்கள் இரண்டு போயின. கடைத்தெருவில் பல் கட்டுகிற ஆள் ஒருவரிடம் போய் இரண்டு பல் கட்டிக்கொண்டு வந்தார். கழற்றி மாட்டுகிற கட்டுப்பல். வாயில் வைத்ததுமே பாய், "உசரமா இருக்குதுங்களே" என்றிருக்கிறார். அதற்கு அந்த மகராசன், "நாலு நாளு நல்லா கறி தின்னுங்க பாய், தானா அமுங்கிடும்" என்று அனுப்பிவிட்டார். கட்டுப்பல் எங்கே அமுங்கும்? பாயின் தாடைதான் அதற்கு ஏற்றபடி ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவருக்குமே தெரியாது.

தை மாசம் போல அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

"காளியப்பா, பிரேக்க மிதிச்சா டக்குங்குது. கேட்டியா?"

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பாய் சொன்னால் மறுபேச்சு ஏது? அன்று மாலையே முனிராஜ் நாலு சக்கரத்தையும் கழற்றினான். ஒன்றுமில்லை. மாட்டினான். மறுநாள் முதல் டிரிப்பிலேயே பாய் திரும்பிப் பார்த்து, "டக்குங்குதுப்பா" என்றார். மறுபடி கழற்றினான். பிரேக் ஷூவை மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றினான். முனிராஜே ஓட்டிப் பார்த்தால் வண்டி சமர்த்தாகப் போகிறது. பாய் உட்கார்ந்து மிதித்தால் டக். ஷெட்டில் நிறுத்தி வைத்து, என்ஜினை அணைத்துவிட்டு மிதித்தாலும் அவருக்கு டக். முனிராஜ் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு பிரேக் டிரம்மில் காதை ஒட்டிக் கேட்டான்.

"பாய், சத்தியமா எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க!"

"உனக்குக் கேக்கலன்னா உன் காது செவிடு. எடது பக்கம் முன்னாடிதான் வருது. இதோ, இங்க!" என்று தன் இடது காதுக்கு நேரே கையைக் காட்டினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நிம்மதி போயிற்று. அவருக்கும் போயிற்று, வண்டியில் இருந்த எல்லாருக்கும் போயிற்று. மலையில் திடீரென்று நிறுத்துவார். இறங்கிச் சக்கரத்தை உதைப்பார், குனிந்து பார்ப்பார், ஏறுவார், இரண்டு ஃபர்லாங் போவார், மறுபடி நிறுத்துவார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "டிரைவருக்குப் பேய் புடிச்சிருக்குது" என்றது ஒரு கிழவி. பின்னால் வந்த போட்டி வண்டிக்காரன் எங்களைத் தாண்டிப் போய் ஒகேனக்கல்லில் காத்திருந்த சவாரியை அள்ளிக்கொண்டு போனான். இது நாலைந்து தடவை நடந்ததும் முதலாளியின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள், பாய் அந்த வண்டிக்காரனிடம் காசு வாங்கிவிட்டார் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு, சொன்னவன் கையில் கிடைத்திருந்தால் டிக்கெட் கட்டாலேயே மூஞ்சியில் அறைந்திருப்பேன்.

நஞ்சப்பன் முதலாளி ஷெட்டுக்கே வந்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

"பாய், உங்க மேல எனக்கு மரியாதை இருக்குதுங்க. ஆனா இன்னொரு வாட்டி சத்தங்கித்தம்னு வழியில வண்டிய நிறுத்தினீங்கன்னா, சாவிய குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடுங்க."

 பாயின் தாடை உருண்டை கிளம்பியது. அன்றிலிருந்து சத்தம் கேட்டாலும் நிறுத்தாமல் ஓட்டினார். அது எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போகப்போகிறது என்று அவர் காது சொல்கிறது. ஊர் முழுக்க இல்லை என்கிறது. அவர் வியர்த்து வழிந்துகொண்டு இறங்குவார். பயம் ஏற ஏறப் பல்லை இன்னும் கடிப்பார், கடிக்கக் கடிக்கச் சத்தமும் கூடியது. தலைவலி வேறு. வாயும் முழுசாகத் திறக்க வரவில்லை. வலது பக்கம் நெற்றிப்பொட்டைத் தொட்டால் துள்ளுவார். "என் காதே என்ன ஏமாத்துதுன்னா நான் அப்புறம் என்னா டிரைவரு, காளியப்பா?" என்று ஒருநாள் கேட்டார். 

குட்டு உடைந்தது பஸ்ஸின் கூரை மேல். பென்னாகரத்தில் நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். கயிற்றின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையைப் பாய் தம் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.

டக்.

எனக்கே கேட்டது! என்ஜின் ஓடவில்லை. பிரேக்கில் யார் காலும் இல்லை. டிரைவரும் கண்டக்டரும் கூரை மேல் நிற்கிறோம். பாய் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"கேட்டியா?"

"கேட்டுச்சுங்க பாய். இன்னொரு வாட்டி இழுங்க."

இழுத்தார். டக்.

"பாய்," என்றேன், "அது வண்டியில இல்லீங்க. உங்க மூஞ்சியில இருக்குதுங்க."

அவர் காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பார்த்தார். விட்டுப் பார்த்தார். மறுபடி கடித்தார். எலும்பு உள்ளே நழுவி நழுவி உட்கார்வது விரலிலேயே தெரிந்தது. இத்தனை நாள் நாலு சக்கரத்தையும் பிரித்துப் போட்டுத் தேடிய சாமான் காதுக்கு முன்னால் அரை அங்குலத்தில் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடலை மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். பாயும் சிரித்தார், ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். விஷயம் அன்றைக்கே ஊரெல்லாம் பரவிவிட்டது. வீட்டில் அவர் சம்சாரம் ஷரீபுன்னிசா, "சோறு திங்கும்போது டக்கு டக்குங்குதுன்னு நான் எத்தன வாட்டி சொன்னேன், கேட்டீங்களா?" என்று பிடித்துக்கொண்டாராம். அவர் காது எந்நேரமும் பஸ்ஸிலேயே இருந்தால் சம்சாரம் சொல்வது எங்கே ஏறும்?

சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒல்லியான, அவசரப்படாத மனிதர். பாயின் இரண்டு நெற்றிப்பொட்டிலும் விரல்களை வைத்து, "கடிங்க" என்றார். "விடுங்க. கடிங்க." அப்புறம் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வலது பக்கம் சதை முதலில் துள்ளி எழுந்தது. இடது பக்கம் கொஞ்சம் பொறுத்துத்தான் எழுந்தது. பல்லுக்கு நடுவில் நீலத் தாள் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னார், நாங்கள் டிரிப் ஷீட்டுக்கு வைக்கிற கார்பன் தாள் மாதிரிதான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் வலப்பக்கக் கட்டுப்பல்லின் தலையில் மட்டும் அழுத்தமாக ஒரு நீலப் பொட்டு. இடப்பக்கப் பற்களில் சாயமே ஒட்டவில்லை.

"இந்தக் கட்டுப்பல் உயரமா இருக்கு. நீங்க கடிக்கும்போது முதல்ல அதுதான் இடிக்குது. அதுமேல தாடை சாய்ஞ்சு, எதிர்ப்பக்கம், இடது மூட்டு மேல போய் அழுந்துது. மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி ஒரு சின்னச் சவ்வு இருக்கு. அது நழுவி நழுவி உட்காரும்போது வர்ற சத்தம்தான் இது. காதுக்குப் பக்கத்துலயே இருக்கறதால உங்களுக்கு அவ்வளவு பெரிசாக் கேக்குது."

"கடிக்காம ஓட்டினா சரியாயிடுங்களா?" என்றார் பாய்.

"உங்களால முடியுமா?"

பாய் யோசித்தார். "முடியாதுங்க."

அந்த உண்மையான பதிலுக்காகவே டாக்டருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். கட்டுப்பல்லைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தார். மேல் பல் வரிசை முழுவதையும் மூடுகிற மாதிரி, கண்ணாடி போல் தெளிவான ஒரு பிளேட்டைச் செய்து கொடுத்தார். எந்தப் பக்கம் கடித்தாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவாகப் படும்படி நீலத் தாளை வைத்து வைத்துத் தேய்த்தார். மறுபடி நெற்றிப்பொட்டில் என் விரல். இந்தத் தடவை இரண்டு பக்கமும் சேர்ந்தே எழுந்தது, முன்னைப் போல் துள்ளவும் இல்லை. "ஓட்டும்போதெல்லாம் போட்டுக்கங்க. சத்தம் அடியோட போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மூட்டு ஆற நாளாகும், அதுக்குள்ள எடுத்துடாதீங்க" என்றார்.

பிளேட் போட்டுக்கொண்டு பேசினால் பாய்க்கு நாக்கு புரளவில்லை. அதனால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டார். டிரைவருக்கு மப்பு ஏறிவிட்டது என்று சிலர் பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். சத்தம் நின்றுவிட்டது. தலைவலி விட்டது. ஒரு மாதம் கழித்து ஒகேனக்கல்லில் முழு வடையை அப்படியே வாயில் போட்டு, "பாத்தியா, வாய் எவ்வளவு தொறக்குது!" என்று காட்டினார். அந்த வடையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, வேடிக்கைதான்.

அந்த வருடம் ரம்ஜான் மாதம் ஐப்பசியில் வந்தது. நோன்பு ஆரம்பித்த முதல் நாளே பாயின் பேச்சு தெளிவாக இருந்தது. 

"பாய், பிளேட்டு எங்கங்க?"

"நோன்புப்பா. வூட்ல இருக்குது."

"அதுல என்னாங்க ருசி இருக்குது? அத யாரு திங்கறாங்க?"

"தண்ணியில கழுவித்தான் போடணும். அந்தத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போயிட்டா? மனசு ஒப்பலப்பா."

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்."

"ஏற்கனவே இந்த வாயால ஊரே சிரிச்சுது. பள்ளிவாசல்லயும் போய்ச் சிரிப்பு வாங்கணுமா? பிறை பாத்து நோன்பு முடியற வரைக்கும்தானே? விடு."

விடு என்றால் நான் விடுகிற ஆளா? தினமும் நச்சரித்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாளில் சத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர் பதறவில்லை. "தெரிஞ்ச சத்தம்தானே, கூடவே வரட்டும்" என்று காதைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓட்டினார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காவேரியில் ஐப்பசி முழுக்குப் போடக் கிளம்பிய கூட்டம் வண்டியை அடைத்திருந்தது. நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் விழுகிற அளவுக்குக் கூட்டம். கைக்குழந்தைகள் வேறு. விடியலில் பெய்த மழையில் பாதை நனைந்து கிடந்தது. நான் பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். மலை இறங்க ஆரம்பித்து இரண்டாவது வளைவு திரும்பும்போது என் காலுக்குக் கீழே டக் என்றது.

என் காலுக்குக் கீழே! பாயின் தாடையா என் காலுக்குக் கீழே இருக்கிறது?

விசிலை ஊதினேன். வளைவில் நிறுத்தச் சொல்லி எவன் ஊதுவான்? அடுத்த வளைவில் மறுபடி டக். "பாய்! சத்தம்! சத்தங்க பாய்!" என்று கத்தினேன். உள்ளே ஒரே சிரிப்பு. எல்லாருக்கும்தான் அந்தக் கதை தெரியுமே. பாலக்கோட்டுக்காரன் ஒருவன், "அடடே, கண்டக்டருக்கும் பல்லு ஆடுதுடோய்!" என்றான். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போகப் பார்த்தேன், ஓர் அடி நகர முடியவில்லை. கண்ணாடியில் பாயின் கண் என்னைப் பார்த்தது. நான் கீழே கை காட்டினேன். பின் சக்கரத்தைக் காட்டினேன்.

அப்போது அவர் செய்ததை வண்டியே பார்த்தது. தோளில் கிடந்த துண்டை ஒரு கையால் இழுத்து, சுருட்டி, இரண்டு கடைவாய்க்கும் குறுக்கே திணித்துக் கடித்துக்கொண்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பல் பல்லோடு இடிக்க வழியில்லை, இரண்டு பக்கமும் துணி தாங்குகிறது. இனி வருகிற சத்தம் அவருடையது அல்ல. அப்படிக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

டக் என்றது. பெரிதாகவே என்றது.

அடுத்த நொடி கியர் இறங்கியது. என்ஜின் அலறியது. வண்டியை மலைப் பக்கம் ஒடித்து, மண் சுவரில் பக்கவாட்டை உரசவிட்டார். தகரம் கிழிகிற சத்தம், பெண்கள் அலறல், குழந்தைகளின் அழுகை. மண் சரிந்து மட்கார்டில் அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. எதிர்ப் பக்கம் பள்ளம். ஒருவருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் இறங்கிய ஜனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "வாயில துணிய வெச்சிக்கிட்டு வண்டி ஓட்டறான் பாரு! பல்லுப் பைத்தியம்! எங்கள கொல்லப் பாத்தியாடா?" என்று அந்தப் பாலக்கோட்டுக்காரன்தான் முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினான்.  பாய் ஒரு கல்லில் உட்கார்ந்து கையில் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லி அனுப்பியதும், முனிராஜைக் கூட்டிக்கொண்டு முதலாளி ஜீப்பில் வந்தார். வந்து இறங்கியதும் பாய் எழுந்து அவர் கையில் சாவியை வைத்தார். "வழியில வண்டிய நிறுத்திட்டேனுங்க, நீங்க சொன்ன மாதிரியே சாவி இந்தாங்க" என்றார். முதலாளி கிழிந்த தகரத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார்.

முனிராஜ் பின் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் ஷூவின் லைனிங், அந்த உராய்கிற பட்டை, பாதி பெயர்ந்து தொங்கியது. பிரேக் எண்ணெய் ஒழுகி டிரம் முழுவதும் நனைந்திருந்தது. முனிராஜ் எண்ணெய் தோய்ந்த விரலை நீட்டிக் காட்டினான்.

"மொதலாளி, இன்னும் ரெண்டு மிதி மிதிச்சிருந்தா பெடல்ல ஒண்ணும் இருந்திருக்காதுங்க. எல்லாரும் அதல பாதாளத்துக்குப் போயிருப்பாங்க."

 ஏசியவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க பாய்" என்று நீட்டினான். பாய் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவருக்கு நோன்பு. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் எதிரில் குந்தினார்.

"பாய், புடிங்க சாவிய. நான் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க. இந்த வண்டி உங்களுது."

பாய் கை நீட்டவில்லை.

"மொத வளைவுலயே கேட்டுச்சுங்க மொதலாளி. என் வாய்னு நெனச்சுட்டேன். ரெண்டாவதுலயும் கேட்டுச்சு, என் வாய்னு நெனச்சுட்டேன். மூணாவதுலயும்..." அவர் துண்டை முறுக்கினார். "என் காது சரியாத்தாங்க சொல்லுச்சு. நாந்தான் நம்பல. இந்தப் பச்சக் கொழந்தைங்கள வெச்சுக்கிட்டு மூணு வளைவு எறங்கிட்டேன்." துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வண்டி நிறைய ஜனத்தைக் காப்பாற்றிய மனிதர் கொலைகாரனைப் போல அழுகிறாரே என்று எனக்கு ஆறவில்லை.

அன்று மாலையே பென்னாகரம் பள்ளிவாசலுக்குப் போனார். நான் வெளியில் நின்றேன். ஹஜ்ரத் சிரிக்கவில்லையாம். "வாயக் கொப்புளிச்சாலும் தண்ணியத் துப்பிடறோம்ல, அந்த மாதிரிதாங்க. நல்லா ஒதறிட்டுப் போட்டுக்கங்க, நோன்புக்கு ஒண்ணும் ஆவாது. மொத நாளே கேட்டிருக்கலாமே பாய்?" என்றாராம். அதைப் பாயே வெளியில் வந்து என்னிடம் சொன்னார்.

"ஒரு வார்த்த, காளியப்பா. ஒரு வார்த்த கேக்க வெக்கப்பட்டேன்."

வண்டி சரியாகி வந்த அன்று சாவியை வாங்கிக்கொண்டார். வாயில் பிளேட் இருந்தது. மலையில் முதல் வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்தார். எந்தச் சத்தமும் இல்லை. இருந்தாலும் கண்ணாடியில் என்னைத் தேடி, புரளாத நாக்கால், "கேட்டுச்சா?" என்றார்.

"இல்லீங்க பாய்."

அடுத்த வளைவிலும் கேட்டார். அதற்கடுத்த வளைவிலும் கேட்டார். நட்டு தளர்ந்தால் இண்டூர் தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிற மனிதர், முனிராஜுக்குக் கோளாறு இருக்கிற இடத்தைக் காட்டிவிடுகிற மனிதர், டிக்கெட் கிழிக்கிற என்னிடம் கேட்டார். அப்புறம் எட்டு வருடம் அந்த மலையை இறங்கினோம். ஒரு வளைவில்கூட அவர் கேட்காமல் விட்டதில்லை. நானும் காது கொடுக்காமல் 'இல்லீங்க' என்று சும்மா சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் குனிந்து, நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.